தாய்மாரின் துயர் துடைத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்



யூபிலி ஆண்டில், நமக்கு முன் வாழ்ந்த நல்லோரை நினைவுகூர்வது நன்று. நம் கோட்டூர்புரத்தை அடுத்த அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையும் ஔவை இல்லமும் இருப்பதை நாம் அறிவோம். இவ்விரண்டையும் தோற்றுவித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவர் வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டியவை பல.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அக்குலத்துப் பெண்களை உலகம் எத்துணை இழிவாக நடத்தியது என்பதை மகள் இளமையிலேயே உணர்ந்தார். பூப்பெய்திய பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. தந்தையார் வீட்டில் வைத்தே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆண்களின் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது, மன்னரே அனுமதி வழங்கினார்.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1875-லேயே மேரி ஷார்லிப் முதலிய நான்கு பெண்கள் அங்கே பயின்றிருந்தனர். எனினும் முப்பது ஆண்டுகள் கடந்தும் மாணவியருக்கு எல்லாக் கதவுகளும் திறக்கவில்லை. அறுவை மருத்துவப் பேராசிரியர் கர்னல் ஜிஃபர்டு, தம் வகுப்பில் பெண்களை அனுமதிப்பதில்லை. அப்பாடத்திலேயே அம்மையார் முதன்மையான மதிப்பெண் பெற்றதும், அவர் மனம் மாறினார்.

1912-இல் பட்டம் பெற்று, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்றார். ஏட்டில் படித்ததைக் கட்டிலில் கண்ட காலம் இதுவே. ஆண் மருத்துவரிடம் காட்ட நாணி, நோய் முற்றும் வரை வீட்டிலேயே கிடந்த பெண்கள் அந்நாளில் ஏராளம். தாமே இன்னும் குழந்தைகளாயிருந்த சிறுமியர் தாயாகி உயிருக்குப் போராடினர். பணக்கார வீட்டுக் குழந்தைக்குப் பாலூட்ட ஏழைத் தாயைக் கூலிக்கு அமர்த்தினர். அவள் பெற்ற பிள்ளையோ பாலின்றி வாடியது. இவற்றுக்கு மருந்து மட்டும் போதாது, சட்டமும் சமுதாய மாற்றமும் வேண்டும் என்ற தெளிவு அம்மையாருக்கு உண்டாயிற்று.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. கணவரும் அவ்வாறே துணை நின்றார்.

1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்று, அதன் துணைத் தலைவரும் ஆனார். திருமண வயதை உயர்த்தவும், கூலிக்குப் பாலூட்டும் வழக்கத்தை ஒழிக்கவும் குரல் கொடுத்தார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் முறையை எதிர்த்து அவர் தொடங்கிய போராட்டம், 1947-இல் சட்டமாகி நிறைவுற்றது. ஆதரவற்று வந்த சிறுமியருக்காக ஔவை இல்லத்தை நிறுவினார்.

அவருடைய தங்கை புற்றுநோயால் மாண்டார். நோய் இன்னதென்று காலத்தில் கண்டறியப்படவில்லை. அந்தத் துயரமே பின்னாளில் மருத்துவமனையாக எழுந்தது. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார்; 1954-இல் 12 படுக்கைகளுடன் பணி தொடங்கிற்று. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அப்பணியை வளர்த்தார். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22-ஆம் நாள் மறைந்தார். கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு வழங்கும் நிதியுதவித் திட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்பார்ந்த தாய்மார்களே! அம்மையார் எழும்பூரில் கண்ட நாணம் நம் வீடுகளை விட்டு முற்றிலும் அகன்றுவிட்டதா என்று எண்ணிப் பார்ப்போம். மார்பில் கட்டி, காலம் தவறிய இரத்தப்போக்கு ஆகியவற்றை மகளிடம்கூடச் சொல்லாமல் மறைப்போர் இன்றும் உண்டு. பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று நாளைக் கடத்துகின்றனர். மார்பிலும் கருப்பை வாயிலும் வரும் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்த இயலும். மறைப்பது பொறுமையும் ஆகாது, தியாகமும் ஆகாது. உடலும் இறைவன் தந்த கொடையே.

கணவன்மார்களே, மனைவியைத் தனியே அனுப்பாமல் நீங்களே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவம் பயிலும் நம் பங்கின் பிள்ளைகள், ஏழைப் பெண்ணின் குறையைப் பொறுமையுடன் செவிமடுப்பார்களாக. இந்த யூபிலி ஆண்டில் நம் பங்குக்கு இதைவிடச் சிறந்த காணிக்கை வேறில்லை.