வெளியைச் செதுக்கிய ஜெப்ரி பாவா

சிலையொன்றை நிறுவுவது எளிது. அதனைச் சூழ எவ்வளவு வெற்றிடம் விடவேண்டும் என்பதை அறிவதே கடினம். இவ்வுண்மையை ஈழத்து மண்ணில் உணர்த்தியவர் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா ஆவார்.

1919 ஜூலை 23இல் பிறந்த பாவாவின் தந்தை முஸ்லிம் பரம்பரையில் வந்த புகழ்பெற்ற சட்டத்தரணி; தாயார் பறங்கியர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்று, இலண்டனில் சட்டத்தரணியாகத் தகுதிபெற்ற பாவாவின் மனம் அத்தொழிலில் தரிக்கவில்லை. 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுனுகங்க என்னும் இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதனைப் பூங்காவாக மாற்ற முனைந்தபோது தமது அறிவின் போதாமையை உணர்ந்து, மீண்டும் மாணவராகி, 1957இல், தமது 38ஆவது வயதில் கட்டடக்கலைஞரானார்.

லுனுகங்கவில் வீட்டின் முன்னுள்ள கறுவா மேட்டில், மரத்தடியில் பெரிய சாடியொன்று வைக்கப்பட்டுள்ளது. அதற்கப்பால் வாவி, வாவிக்கப்பால் தொலைதூர விகாரையின் வெண்ணிறத் தாதுகோபம். அருகிலுள்ள ஒரு சாடி, தொலைவிலுள்ள தாதுகோபத்தையும் தோட்டத்திற்குள் அழைத்து வந்துவிடுகின்றது. உருவமெதனையும் சித்திரிக்காத அச்சாடி, நின்ற இடத்தினாலேயே சிற்பமாகின்றது.

கொழும்பு பேரை வாவியின் நீர்மீது நிற்கும் சீமா மாலகயவும் 1970களில் அவர் வரைந்ததே. அப்பௌத்த வழிபாட்டிடத்திற்குப் பொருளுதவி செய்தவர்கள், மறைந்த தம் மகனின் நினைவாக ஒரு முஸ்லிம் தம்பதியர் என்பது இன்று நினைவுகூரத்தக்கது. கோட்டையில் சதுப்புநிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவே 1982இல் பாராளுமன்றத்தை எழுப்பினார். அங்கும் கட்டடத்தின் கம்பீரத்திற்குக் காரணம் அதனைச் சூழ்ந்த நீர்ப்பரப்பே.

2001இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதின் தலைவர் விருது அவரை வந்தடைந்தது. முன்னர் அதனைப் பெற்றோருள் எகிப்தின் ஹசன் பத்தியும் ஒருவர். 2003 மே 27இல் பாவா மறைந்தார். அவரது அஸ்தி அதே கறுவா மேட்டில் வைக்கப்பட்டது.

இன்று நம் நகரங்களில் வெற்று நிலம் என்றாலே வீண் நிலம் எனக் கருதப்படுகின்றது. சந்திதோறும் சிலைகளும் விளம்பரப் பலகைகளும் ஒன்றையொன்று மறைத்து நிற்கின்றன. சதுப்புநிலங்கள் மண்ணிட்டு நிரப்பப்படுகின்றன. 2016இல் களனி கங்கை பெருகியபோது நீர் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறந்துவிடலாகாது. வெள்ளம் தங்குவதற்கும் இடம் வேண்டும். கண் தங்குவதற்கும் இடம் வேண்டும். பாவாவைப் போற்றுவோர் அவருக்கு மற்றுமொரு சிலை எழுப்ப வேண்டியதில்லை. எஞ்சியுள்ள வெளியைக் காத்தாலே போதுமானது.