கணக்குப் போட்ட பெண் பேராசிரியை ஆனார்!

கம்ப்யூட்டர் என்றால் இன்று எல்லோருக்கும் ஓர் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். 100 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி அல்ல. அது மனிதர்கள் பார்த்த ஒரு வேலையின் பெயர்!

என்ஜினீயர்கள் கொடுக்கும் நீண்ட கணக்குகளை, நாள் முழுவதும் உட்கார்ந்து போட்டுக் கொடுப்பவரே கம்ப்யூட்டர். பெண்கள் பலர் இந்த வேலையைச் செய்தார்கள். அவர்களில் ஒருவர்தான் எடித் கிளார்க் அம்மையார்.

தாய், தந்தையை இழந்தார்

எடித், 1883-ம் ஆண்டு அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 9 குழந்தைகள். எடித் 12 வயதுக்குள் தந்தையையும் தாயையும் இழந்தார். அக்காள்தான் அவரை வளர்த்தார்.

பெற்றோர் விட்டுச்சென்ற சொத்தில் எடித்துக்கு ஒரு பங்கு கிடைத்தது. அந்தப் பணத்தை அவர் படிப்பிலே போட்டார். வாசர் கல்லூரியில் கணிதமும் வான நூலும் படித்து, 1908-ல் பட்டம் பெற்றார்.

சில ஆண்டுகள் ஆசிரியை வேலை பார்த்தார். ஆனால், என்ஜினீயர் ஆக வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை.

பகலில் வேலை, இரவில் படிப்பு

1912-ல் ஒரு டெலிபோன் கம்பெனியில் கம்ப்யூட்டராகச் சேர்ந்தார். பகலெல்லாம் கணக்கு. இரவில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்சாரப் படிப்பு!

பிறகு வேலையை விட்டுவிட்டு, புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 1919-ல் மின்சார என்ஜினீயரிங் எம்.எஸ். பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவரே. அப்போது அவருக்கு வயது 36.

பட்டம் கிடைத்தது, வேலை இல்லை!

பெண்ணுக்கு என்ஜினீயர் வேலை கொடுக்க எவரும் முன்வரவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி அவரை வேலைக்கு எடுத்தது. ஆனால் கொடுத்தது, கணக்குப் போடும் பெண்களை மேற்பார்வை பார்க்கும் வேலை.

எடித் சோர்ந்துவிடவில்லை. ஓய்வு நேரத்தில் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார்.

மின்சாரம் நெடுந்தூரம் கம்பி வழியே போகும்போது வோல்டேஜும் கரண்டும் இடத்துக்கு இடம் மாறும். அதைக் கணக்கிடுவது பெரும்பாடு. எடித்தின் கருவி, வரைபடத்தைக் கொண்டு அந்த விடையைக் காட்டியது. பழைய முறையைவிட 10 மடங்கு வேகம்! 1925-ல் அதற்கு காப்புரிமை கிடைத்தது.

கம்பெனி அழைத்தது

இதற்கிடையே, 1921-ல் அவர் கம்பெனியை விட்டு விலகினார். துருக்கி நாட்டுக்குப் போய், பெண்கள் கல்லூரி ஒன்றில் பௌதிகம் கற்பித்தார். அடுத்த ஆண்டே திரும்பி வந்தார். அதே கம்பெனி அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது. இந்த முறை கொடுத்த பதவி, மின்சார என்ஜினீயர்!

அங்கே 1945 வரை பணியாற்றினார். மின்சாரம் கொண்டுசெல்லும் முறைகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் முதல் பாகம் 1943-ல் வெளிவந்தது. என்ஜினீயரிங் மாணவர்கள் அதைப் பாடமாகப் படித்தார்கள்.

1947-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. அமெரிக்காவில் மின்சார என்ஜினீயரிங் பேராசிரியை ஆன முதல் பெண் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. 10 ஆண்டுகள் பாடம் நடத்தி, 1957-ல் ஓய்வு பெற்றார். 1959-ம் ஆண்டு அக்டோபர் 29-ந்தேதி காலமானார்.

பெற்றோர் விட்டுச்சென்ற பணம் படிப்பில் கரைந்தது. அந்தப் படிப்போ, கடைசிவரை அவருக்குச் சோறு போட்டது. பிற்காலத்தில் பல நூறு மாணவர்களுக்கும் பயன்பட்டது.