லிண்டன் ஜான்சன்: வெளியேறவும் இல்லை, முழுசா இறங்கவும் இல்லை... வியட்நாமில் சிக்கிய அதிபர்!

வியட்நாம் போரைத் தொடங்கியவர் லிண்டன் ஜான்சன் இல்லை. முடித்து வைத்தவரும் இல்லை. ஆனால், அங்கே இருந்த சில ஆயிரம் ஆலோசகர்களை 5 லட்சத்தைத் தாண்டிய படையாக மாற்றியவை அவருடைய முடிவுகள்தான். அரசியலில் இவ்வளவு கெட்டிக்காரர் எப்படிச் சிக்கினார்?

யார் இந்த ஜான்சன்?

1908 ஆகஸ்ட் 27-ல் டெக்சாஸில் பிறந்தவர். கல்லூரிச் செலவுக்குப் பணம் இல்லாமல் படிப்பைப் பாதியில் நிறுத்தி, கொட்டூலா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். பசியோடு வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளைக் கடைசிவரை அவர் மறக்கவில்லை.

1937-ல் பிரதிநிதிகள் சபை, 1949-ல் செனட், 1961-ல் துணை அதிபர் என மளமளவென்று உயர்ந்தார். பேசிப் பேசியே எதிர்த்தரப்பின் ஓட்டையும் வாங்கிவிடுவதில் கில்லாடி. 1963 நவம்பர் 22-ல் டல்லாஸில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட, அன்றே அதிபரின் விமானத்துக்குள் பதவியேற்றார்.

கைக்கு வந்த போர்

ஜான்சனின் மனசெல்லாம் உள்நாட்டில்தான் இருந்தது. வறுமை ஒழிப்பு, முதியோருக்கு மருத்துவக் காப்பீடு, கறுப்பினத்தவருக்குச் சம உரிமை எனப் பெரிய பட்டியல் வைத்திருந்தார். ஆனால், கம்யூனிஸ்ட் வடக்கு வியட்நாமை எதிர்த்த தெற்கு வியட்நாமில் அப்போதே சுமார் 16,000 அமெரிக்க ராணுவத்தினர் இருந்தார்கள்.

1964 ஆகஸ்ட் 2-ல் டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பலை வடக்கு வியட்நாம் படகுகள் தாக்கின. 4-ம் தேதி மீண்டும் தாக்குதல் எனத் தகவல் வந்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது பின்னாளில் தெளிவானது. ஆனால், 7-ம் தேதியே நாடாளுமன்றம் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அவருக்குக் கொடுத்துவிட்டது. செனட்டில் எதிர்த்தவர்கள் 2 பேர் மட்டுமே.

1965 மார்ச்சில் வடக்கின் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. 8-ம் தேதி 3,500 மரைன் படை வீரர்கள் டா நாங்கில் இறங்கினார்கள்.

அந்த ஜூலை மாதம்

தெற்கு வியட்நாம் அப்போதும் தடுமாறியது. வெளியேறிவிடலாம் என்றார் வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால். மாறாக, ரிசர்வ் படையையும் அழைத்துப் பெரிய அளவில் இறங்கச் சொன்னார் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா.

இரண்டிலுமே ஜான்சனுக்குப் பயம் இருந்தது. 1949-ல் சீனா கம்யூனிஸ்டுகள் வசம் போனதற்காக ட்ரூமனை எதிர்க்கட்சி வறுத்தெடுத்ததை அவர் பார்த்திருந்தார். முழுப் போர் என்றால், கொரியாவில் வந்ததுபோல சீனப் படை வந்துவிடுமோ என்ற கவலை. போர்ச் செலவைக் காரணம் காட்டி நலத்திட்டங்களை நாடாளுமன்றம் முடக்கிவிடும் என்ற அச்சம் வேறு.

அதனால் நடுவழியைப் பிடித்தார். ஜூலை 28-ல் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில், படை 75,000-லிருந்து 1,25,000 ஆகும் என அறிவித்தார். ரிசர்வ் அழைப்பு இல்லை, போர் வரியும் இல்லை. ஜூலை 30-ல் முதியோர் மருத்துவக் காப்பீட்டிலும், ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டத்திலும் கையெழுத்திட்டார்.

விலை என்ன?

போர் முடியவில்லை, படை மட்டும் கூடிக்கொண்டே போனது. வெற்றி நெருங்குகிறது என அரசு சொல்லிவந்த நிலையில், 1968 ஜனவரி இறுதியில் தெற்கு முழுக்க நகரங்கள் தாக்கப்பட்டன. சைகோன் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளும் எதிரிகள் நுழைந்தார்கள். தாக்குதல் முறியடிக்கப்பட்டாலும், டிவியில் பார்த்த மக்களுக்கு அரசின் மீதான நம்பிக்கை போய்விட்டது. ராணுவமோ இன்னும் 2,06,000 பேரைக் கேட்டது.

மார்ச் 31-ல் ஜான்சன் குண்டுவீச்சைக் குறைத்தார். மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்து நாட்டையே அதிரவைத்தார். தவிர்க்கப் பார்த்த வரியும் அதே ஆண்டு வந்தது. அதற்கு ஈடாகச் செலவுகளைக் குறைக்கச் சொன்னது நாடாளுமன்றம்.

1973 ஜனவரி 22-ல் ஜான்சன் இறந்தார். பாரிஸில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது அடுத்த 5 நாளில். அந்தப் போரில் இறந்த அமெரிக்கர்கள் 58,000-க்கும் மேல். வியட்நாமியர்கள் பல லட்சம். அவர் காப்பாற்ற நினைத்த முதியோர் காப்பீடு இன்றும் இருக்கிறது. ஆனால், ஜான்சன் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வியட்நாம்தான்.