19 அடி நீளப் படம் எடுத்த காப்டன்

சேத்துப்பட்டிலும் ஆரணியிலும் நெய்யும் பட்டுச்சேலையின் நீளம் என்ன? ஆறு கஜம். அதாவது 18 அடி. தறி இருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது.

அந்தச் சேலையைவிட ஓர் அடி நீளமான போட்டோ ஒன்று உண்டு என்றால் நம்புவீர்களா?

அது நேற்று இன்று எடுத்த படம் அல்ல. 1858-ம் ஆண்டு எடுத்த படம். எடுத்த இடம் தஞ்சாவூர் பெரிய கோயில். எடுத்தவர் ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. அவர் பெயர் காப்டன் லினேயஸ் டிரைப்.

மின்சார விளக்கு இல்லாத காலம் அது. பிலிம் கிடையாது. ஒரு படம் எடுக்கவே பெரும் பாடு. அந்தக் காலத்தில் 19 அடி நீளத்துக்கு அவர் எப்படிப் படம் எடுத்தார்? அவர் கதையைப் பார்ப்போம்.

துப்பாக்கி பிடித்த கை

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன்போர்ட் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே 1822-ம் ஆண்டு டிரைப் பிறந்தார். பெரிய குடும்பம். பன்னிரண்டு குழந்தைகளில் அவர் ஒன்பதாவது.

பிழைப்புக்கு வழி தேடிய வாலிபர்கள் அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் சேருவார்கள். டிரைப்பும் சேர்ந்தார். கம்பெனியின் சென்னை ராணுவத்தில் அவருக்கு வேலை. தென்னாட்டுக்கு வந்தார்.

சில ஆண்டுகள் கழித்து லீவு கிடைத்தது. தாய்நாடு திரும்பினார். உடல்நலம் சரியில்லாததால் லீவு நீண்டுகொண்டே போனது. அந்த ஓய்வுக் காலத்தில்தான் போட்டோப் பித்து அவரைப் பிடித்தது. போட்டோக் கலை அப்போது புத்தம் புதியது. 1853-ம் ஆண்டு லண்டன் போட்டோச் சங்கத்தில் அவர் உறுப்பினர் ஆனார்.

1854-ம் ஆண்டு பெங்களூருக்குத் திரும்பி வந்தார். கூடவே காமிராவும் வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் பேளூர், ஹளேபீடு கோயில்களுக்குப் போய்ப் படம் எடுத்தார். மறு ஆண்டு சென்னையில் பெரிய பொருட்காட்சி நடந்தது. டிரைப் 68 படங்களை அதில் வைத்தார். முதல் தரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

அதே 1855-ம் ஆண்டு பர்மா மன்னரிடம் ஒரு தூதுக்குழு போனது. படம் எடுக்க டிரைப்பும் போனார். நேரம் குறைவு. மேகமூட்டம் வேறு. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. அப்படியும் 200-க்கு மேற்பட்ட படங்களோடு திரும்பினார்.

இதையெல்லாம் பார்த்த சென்னை அரசாங்கம், அவரை அரசாங்க போட்டோக்காரராக நியமித்தது. கோயில், கோட்டை, அரண்மனைகளைப் படம் எடுத்து வைப்பது அவர் வேலை.

கண்ணாடியா, காகிதமா?

எந்தத் தொழிலுக்கும் முதலில் கருவி சரியாக அமைய வேண்டும். டிரைப் தம் கருவியை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அப்போது படம் எடுக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கண்ணாடி. மற்றது காகிதம்.

கண்ணாடியில் படம் துல்லியமாக விழும். வேகமாகவும் விழும். ஆனால் ஒரு தொல்லை. கண்ணாடியில் மருந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுக்க வேண்டும். உடனே அந்த இடத்திலேயே கழுவவும் வேண்டும். மருந்து காய்ந்தால் படம் போச்சு! நம் ஊர் வெயிலில் ஈரம் எத்தனை நிமிஷம் நிற்கும்? போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரமும் கூடவே போக வேண்டும். மாட்டு வண்டி ஒரு பள்ளத்தில் குதித்தால் கண்ணாடி உடையும்.

காகிதம் அப்படி அல்ல. மெல்லிய உயர்ந்த காகிதத்தில் தேன்மெழுகை உருக்கித் தேய்ப்பார்கள். காகிதம் எண்ணெய்த்தாள் போல வெளிச்சம் ஊடுருவும்படி ஆகிவிடும். பிறகு அதை வெள்ளி கலந்த மருந்தில் நனைத்து, இருட்டில் உலர்த்துவார்கள். முன்கூட்டியே தயார் செய்து பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகலாம். படம் எடுத்தபின் தங்கும் இடத்துக்கு வந்து நிதானமாகக் கழுவலாம். உடையாது. கனமும் குறைவு.

குறை ஒன்று உண்டு. காகிதத்துக்கு வேகம் போதாது. காமிராவின் கண்ணைப் பல நிமிஷம் திறந்து வைத்திருக்க வேண்டும். யாராவது குறுக்கே நடந்தால் மங்கல் விழும். ஆனால் கோயில் கோபுரம் எங்கே ஓடப் போகிறது? நிற்கும் கல்லைப் படம் எடுப்பவருக்கு வேகம் எதற்கு?

இப்படி யோசித்து டிரைப் காகிதத்தைப் பிடித்தார். அவர் காமிராவில் போடும் காகிதம் 15 அங்குல நீளம், 12 அங்குல அகலம். அந்தக் காலத்தில் படத்தைப் பெரிதாக்கிக் கொள்ளும் வசதி கிடையாது. நெகட்டிவ் எவ்வளவோ அவ்வளவுதான் படம். பெரிய படம் வேண்டுமானால் பெரிய காமிராவைத்தான் சுமக்க வேண்டும். அவர் சுமந்தார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்தக் கால மருந்துக்கு நீல வானம் சரியாகப் பிடிபடாது. வானம் வெறுமையாக வெளுத்துப் போகும். டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் தொட்டு, மேகங்களைத் தாமே வரைந்து விடுவார். அவர் படங்களில் தெரியும் அழகிய மேகங்கள் பலவும் அப்படி வந்தவையே.

மாட்டு வண்டிப் பயணம்

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே சிப்பாய்ப் புரட்சியின் நெருப்பு இன்னும் அணையாத நேரம். மாட்டு வண்டிகளில் காமிரா, மருந்துப் புட்டிகள், காகிதக் கட்டுகள். நாலு மாதத்துக்கு மேல் சுற்றினார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று ஊர் ஊராகப் போனார். 1858 ஏப்ரல் கடைசியில் சென்னை வந்து சேர்ந்தார்.

மதுரையில் திருமலை நாயக்கர் மகால் அப்போது இடிந்து கிடந்தது. பிற்பாடுதான் கவர்னர் நேப்பியர் பிரபு அதைச் செப்பனிட ஏற்பாடு செய்தார். செப்பனிடும் முன்பு மகால் எப்படி இருந்தது என்று இன்று நமக்குக் காட்டுபவை டிரைப் எடுத்த படங்கள்.

21 துண்டு, ஒரே படம்

தஞ்சாவூருக்கு வந்த டிரைப், பெரிய கோயிலைப் பல பக்கங்களிலிருந்தும் படம் எடுத்தார். பிறகு விமானத்தின் அடிப்பகுதியைப் பார்த்தார். அங்கே வரி வரியாகக் கல்லில் எழுத்து! அவர் காமிராவிலோ ஒரு சிறு பகுதிதான் அடங்கும். தூரப் போய் எடுத்தால் எல்லாம் அடங்கும். ஆனால் எழுத்து தெரியாது.

ஒரே இடத்தில் காமிராவை நிறுத்தி, தலையைத் திருப்புவது போல இடமும் வலமும் திருப்பி எடுக்கலாமே என்று தோன்றும். மலை, ஆறு, ஊர் என்று தூரத்துக் காட்சிக்கு அது சரி. ஐரோப்பாவில் 1840-களிலேயே அப்படித் திரும்பும் கண் வைத்த காமிராவை மார்ட்டன்ஸ் என்பவர் செய்திருந்தார். ஆனால் அருகில் இருக்கும் சுவருக்கு அது உதவாது. நேரே இருக்கும் எழுத்து பெரிதாகவும், ஓரத்து எழுத்து சிறிதாகச் சாய்ந்தும் விழும். சுவர் வில்லாக வளைந்து தெரியும்.

அதனால் டிரைப் காமிராவைத் திருப்பவில்லை. நகர்த்தினார். சுவர் ஓரமாக ஒரு படம். காமிராவைத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்து இன்னொரு படம். இப்படி 21 படங்கள்!

சொல்லுவது சுலபம். செய்வது கடினம். சுவருக்கும் காமிராவுக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு தடவையும் ஒன்றாக இருக்க வேண்டும். உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விரற்கடை மாறினாலும் எழுத்து சிறிதாகும் அல்லது பெரிதாகும். வரி ஏறும் அல்லது இறங்கும். வெயில் நகர்ந்தால் ஒரு துண்டு கறுக்கும், ஒரு துண்டு வெளுக்கும். மருந்தும் கழுவும் நேரமும்கூட ஒரே பதத்தில் இருக்க வேண்டும்.

பாவு ஓட்டும்போது ஓர் இழை தளர்ந்தால் சேலை முழுதும் காட்டிக் கொடுத்துவிடும் என்று நெசவாளருக்குத் தெரியும். அதே கதைதான். 20 துண்டு நன்றாக இருந்து ஒரு துண்டு கெட்டாலும் படம் கெட்டது.

டிரைப் 21 துண்டுகளையும் ஓரம் வெட்டி, வரியோடு வரி சேர்த்து ஒட்டினார். 19 அடி நீளத்தில் ஒரே படம் வந்தது!

படிக்கத் தெரியாத எழுத்து

அந்தக் கல்வெட்டில் என்னதான் இருக்கிறது? பெரிய கோயிலைக் கட்டியவர் சோழ மாமன்னர் முதலாம் இராஜராஜன். 1010-ம் ஆண்டில் கோயில் நிறைவு பெற்றது. தாம் கொடுத்தவை, தம் தமக்கையார் கொடுத்தவை, தம் தேவிமார் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் விமானத்துக் கல்லில் வெட்டச் சொன்னவர் அவர். பொன் எவ்வளவு, நகை எத்தனை, விளக்கு எரிக்க ஏற்பாடு என்ன என்று கோயில் கணக்கே அங்கு இருக்கிறது.

டிரைப் வந்தபோது இந்த விவரங்கள் உலகுக்குத் தெரியாது. 1886-ம் ஆண்டு சென்னை அரசாங்கம் ஹூல்ஷ் என்ற ஜெர்மன் அறிஞரைக் கல்வெட்டு ஆராய வைத்தது. அவரும் அவருடன் உழைத்த தமிழ் அறிஞர்களும் எழுத்தைப் படித்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு முன்பே, ஓர் எழுத்தையும் விடாமல் பதிய வேண்டும் என்ற அக்கறையோடு டிரைப் காமிராவை நகர்த்திக்கொண்டு போயிருக்கிறார்.

ஆடம்பரம் என்றார் கவர்னர்

சென்னை திரும்பியதும் அச்சு வேலை. 1858-ம் ஆண்டு மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, சேலம் ஜில்லா ராயக்கோட்டை ஆகிய இடங்களின் படத் தொகுதிகள் வந்தன. அதே ஆண்டு சென்னை மியூசியத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் படம் எடுத்தார். பிறகு அந்தச் சிற்பங்களில் பெரும்பகுதி கப்பலேறி லண்டன் போய்விட்டது. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சென்னையில் அவை இருந்ததற்குச் சாட்சியாக டிரைப்பின் படங்கள் நிற்கின்றன.

இவ்வளவு உழைத்தவருக்குப் பரிசு என்ன? 1859-ம் ஆண்டு சர் சார்லஸ் டிரவெலியன் சென்னைக் கவர்னராக வந்தார். புரட்சிக்குப் பிறகு கஜானா வறண்டிருந்தது. எங்கே செலவைக் குறைக்கலாம் என்று கணக்குப் பார்த்தார். போட்டோ இலாகா அவர் கண்ணில் பட்டது. இன்றைய நிதி நிலைமையில் இது மிகப் பெரிய ஆடம்பரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இலாகா மூடப்பட்டது.

டிரைப் மனம் எப்படி வாடியிருக்கும்! அதற்குப் பின் அவர் படம் எடுத்தது மிகவும் அபூர்வம். பழையபடி ராணுவ வேலைக்குப் போனார். ஓய்வு பெற்றபின் பிறந்த ஊருக்கே திரும்பினார். 1902-ம் ஆண்டு அங்கே காலமானார்.

அவர் காமிராவோடு உழைத்தது ஆறேழு ஆண்டுகள்தான். ஆனால் 2014, 2015-ம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் ஆகிய மூன்று மாநகரங்களிலும் அவர் படங்களுக்குத் தனிப் பொருட்காட்சியே நடந்தது. கவர்னர் ஆடம்பரம் என்று ஒதுக்கியதை உலகம் பொக்கிஷம் என்று வரிசையில் நின்று பார்த்தது.

நீங்களும் எடுக்கலாம்

இன்று கையில் இருக்கும் செல்போனே நீளப் படம் எடுக்கிறது. ஒட்டும் வேலையையும் அதுவே செய்கிறது. ஆனால் விதி மாறவில்லை.

தூரத்து மலையையோ ஏரியையோ எடுக்க வேண்டுமானால், நின்ற இடத்திலேயே நின்று மெல்லத் திரும்புங்கள். சுவரையோ கல்வெட்டையோ எடுக்க வேண்டுமானால், திரும்பாதீர்கள். சுவரிலிருந்து சமதூரத்தில் கயிறு கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து தனித்தனிப் படமாக எடுங்கள். முதல் படத்தின் ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் விழட்டும். அப்போதுதான் சேர்க்க முடியும். காமிராவை முக்காலியில் மட்டமாக நிறுத்துங்கள். வெளிச்ச அளவை முதல் படத்தில் வைத்ததுபோலவே கடைசிவரை வையுங்கள். நடுப்பகல் வெயிலைத் தவிருங்கள். எழுத்து வெட்டு தெளிவாகத் தெரியப் பக்கத்திலிருந்து சாய்வாக விழும் வெளிச்சமே நல்லது.

இதற்குத் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும் என்பது இல்லை. சேத்துப்பட்டுக்கு அருகே தேவிகாபுரம் பெரியநாயகி அம்மன் கோயில் சுவரிலும் பழைய கல்வெட்டுகள் இருக்கின்றன. அனுமதி கேட்டு, ஒரு வரி விடாமல் படம் எடுத்து வைக்கலாம். நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. டிரைப்புக்குப் பின் ஹூல்ஷ் வந்ததுபோல, படிக்கத் தெரிந்தவர் ஒருவர் பிறகு வருவார்.