ஈயை வைத்து உலகை எச்சரித்தவர்
விஞ்ஞானி முல்லரின் வாழ்க்கை

நியூயார்க் நகரத்துப் பொருட்காட்சி சாலை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தந்தை அங்கே அழைத்துச் சென்றார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குதிரைகளின் கால் எலும்புகள் வரிசையாக இருந்தன. பழைய குதிரைக்குப் பல விரல்கள். இன்றைய குதிரைக்கு ஒரே குளம்பு. சின்னஞ்சிறு மாறுதல்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துதான் இப்படி ஆயிற்று என்று தந்தை விளக்கினார்.

அந்தக் காட்சி சிறுவனின் மனத்தில் பதிந்தது. அவன்தான் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஹெர்மன் ஜோசப் முல்லர்.

வறுமையில் படிப்பு

முல்லர் 1890-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி பிறந்தார். 1900-ல் தந்தை காலமானார். குடும்பம் கஷ்டத்தில் ஆழ்ந்தது. ஆனாலும் படிப்பை அவர் விடவில்லை. 16 வயதில் உபகாரச் சம்பளம் பெற்று, கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். பகலில் படிப்பு; கிடைத்த நேரத்தில் கூலி வேலை.

அங்கே மார்கன் என்ற பேராசிரியர் இருந்தார். வாழைப்பழத்தை மொய்க்குமே சிறு ஈக்கள், அவற்றைப் பால் புட்டிகளில் வளர்த்து அவர் ஆராய்ச்சி செய்தார். இந்த ஈ பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறையைக் கண்டுவிடும். பாட்டன், மகன், பேரன் எல்லோரையும் ஒரு மாதத்துக்குள் பார்த்துவிடலாம்! முல்லரும் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார்.

குரோமோசோம் என்றால் என்ன?

நம் உடல் கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. உயிரணுவுக்குள் நூல் போன்ற பொருள்கள் இருக்கின்றன. அவைதாம் குரோமோசோம்கள். மனிதனுக்கு 23 ஜோடி. இந்த ஈக்கு 4 ஜோடி. கண்ணின் நிறம், உடலின் அமைப்பு போன்றவற்றுக்கான ஜீன்கள் இந்த நூல்களில்தான் வரிசையாக அமைந்திருக்கின்றன. பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றன.

நூல் அறுந்தால் அல்லது ஜீன் கெட்டால் என்ன ஆகும்? அது தானாகவே கெடுகிறதா? வெளியிலிருந்து ஏதாவது கெடுக்கிறதா? இதுதான் முல்லர் எழுப்பிய கேள்வி.

ஆண் ஈ இல்லாத புட்டி

டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தில் 1926-ல் அவர் அந்தச் சோதனையைத் தொடங்கினார். ஆண் ஈக்களின் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார். பின்பு அவற்றைத் தனிச் சிறப்புள்ள பெண் ஈக்களுடன் சேர்த்தார். கதிர் பட்ட ஈயின் ஜீன் ஒன்று உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கெட்டிருந்தால், பேரப் பிள்ளைகளின் புட்டியில் ஓர் ஆண் ஈ கூட இராது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

புட்டி புட்டியாகப் பார்த்தார். ஆண் ஈ இல்லாத புட்டிகள் ஏராளம்! சாதாரணமாக நிகழும் மாறுதலைவிடச் சுமார் 150 மடங்கு அதிகம். குரோமோசோம்கள் உடைந்து, தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதையும் கண்டார். கதிர் பட்ட ஈயோ வெளிப் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருந்தது! கேடு சந்ததியில்தான் வெளிப்பட்டது. 1927-ல் இதை அவர் வெளியிட்டார். விஞ்ஞான உலகம் வியந்தது.

அலைந்த வாழ்க்கை

பிறகு அவர் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. 1932-ல் பெர்லினுக்குச் சென்றார். 1933-ல், வாவிலோவ் என்ற விஞ்ஞானியின் அழைப்பை ஏற்று ரஷ்யா சென்றார். அங்கே லைசென்கோ என்பவர் ஜீன் என்பதே பொய் என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தார். அரசாங்க ஆதரவு அவருக்கு இருந்தது. 1936-ல் முல்லர் சபை நடுவே எழுந்து அவரை எதிர்த்து வாதாடினார். மறு ஆண்டே ரஷ்யாவை விட்டு வெளியேறினார். வாவிலோவ் 1943-ல் சிறையில் மாண்டார்.

முல்லர் எடின்பரோவில் இருந்தபோது ஷார்லட் அவர்பாக் என்ற பெண் விஞ்ஞானியை ஊக்குவித்தார். யுத்தத்தில் பயன்பட்ட மஸ்டர்ட் வாயுவும் ஜீன்களைக் கெடுக்கிறது என்று அந்த அம்மையார் கண்டுபிடித்தார். கதிர் மட்டுமல்ல, ரசாயனமும் எதிரி என்பது புலனாயிற்று.

பரிசும் எச்சரிக்கையும்

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது 1945-ல். அதற்கு அடுத்த ஆண்டு முல்லருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புகழை அவர் எச்சரிக்கை செய்யவே பயன்படுத்தினார். அக்காலத்தில் அமெரிக்காவில், குழந்தையின் கால் அளவு பார்க்கச் செருப்புக் கடையில் கூட எக்ஸ்ரே பெட்டி இருந்தது! தேவையில்லாத கதிர் வேண்டாம் என்று முல்லர் ஓயாமல் சொல்லி வந்தார்.

1955-ல் ஜெனீவாவில் அணுசக்தி மாநாடு நடந்தது. முல்லரின் கட்டுரையை அமெரிக்க அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். அவர் பார்வையாளராகப் போய் உட்கார்ந்தார். கூடியிருந்த விஞ்ஞானிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அவருடைய எல்லாக் கருத்துக்களையும் உலகம் ஏற்கவில்லை. நல்ல சந்ததியைத் தேர்ந்தெடுத்து உண்டாக்கலாம் என்ற அவர் திட்டத்தைப் பலர் கண்டித்தனர். மிகச் சிறிய அளவுக் கதிரும் தீங்கா என்பது பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. 1967-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி முல்லர் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

நோயே இல்லாத மனிதனின் உடலிலும் குரோமோசோம்கள் அவ்வப்போது உடைகின்றன. உடல் அவற்றைத் தானே பழுது பார்த்துக்கொள்கிறது. அந்தப் பழுது பார்க்கும் சக்தி எல்லோருக்கும் ஒன்று போல் இல்லை. சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு. வயது ஏற ஏற உடைசலும் கூடுகிறது. இவற்றை நாம் மாற்ற முடியாது.

ஆனால் புகையிலையின் நச்சு, சில ரசாயனங்கள், அளவுக்கு மீறிய கதிர் இவையும் உடைக்கின்றன. இவற்றிலிருந்து விலகுவது நம் கையில் இருக்கிறது. டாக்டர் சொன்னால் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளப் பயப்பட வேண்டாம். அதன் நன்மை பெரிது. அவசியமில்லாமல் எடுக்கச் சொல்லி நாமே கேட்க வேண்டாம். கர்ப்பிணிகள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீடு, நிலம், நகை மட்டுமா பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் சொத்து? கண்ணுக்குத் தெரியாத அந்த நூல்களும் சொத்துத்தான். அதைப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே முல்லர் பாடுபட்டார்.