ஊர் கூடித் தேர் இழுத்த ரைஃபைசன்



நம்ம கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறவள் நான். மாதக் கூட்டத்தில் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று உண்டு. கடன் வாங்கினது ஒருத்தி, அவ தவணை தவறினா மத்தவங்க ஏன் கட்டணும் என்பதுதான் அது. எனக்கும் ரொம்ப நாளாகச் சரியான பதில் தெரியவில்லை. ஒரு பயிற்சியில் ரைஃபைசன் என்ற பெயரைக் கேட்டேன். அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஃபிரெடரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் 1818 மார்ச் 30ஆம் தேதி ஜெர்மனியில் ஹாம் என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. வீட்டில் வசதி இல்லாததால் மேல்படிப்புக்குப் போக முடியவில்லை. ஊர்ப் பாதிரியார்தான் கூடுதலாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 17 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கே கண் நோய் வந்தது. 1843இல் பட்டாளத்தை விட்டு அரசு வேலைக்கு மாறினார். 1845இல் வையர்புஷ் என்ற ஏழைக் கிராமப் பகுதிக்கு மேயர் ஆனார். நம்ம ஊராட்சித் தலைவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷமே விளைச்சல் பொய்த்தது. 1846-47 குளிர்காலத்தில் ரொட்டி விலை ஏறி, ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அரசாங்கம் மாவு அனுப்பியது. ஆனால் ரொக்கத்துக்குத்தான் விற்கணும் என்று உத்தரவு. பட்டினி கிடக்கிறவங்க கையில் ரொக்கம் ஏது? ரைஃபைசன் துணிந்து கடனுக்குக் கொடுத்தார். வசதி உள்ளவர்களிடம் பணம் திரட்டி ரொட்டிச் சங்கம் அமைத்தார். ஊருக்குப் பொதுவாக ஒரு அடுப்புக் கூடம் கட்டி, அங்கே சுட்ட ரொட்டியைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள்.

1848இல் ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். அங்கே வேறு கஷ்டம். மாடு வாங்க வட்டிக்காரரிடம் போன விவசாயி, ஒரு தவணை தவறினால் மாட்டையும் இழந்தார், நிலத்தையும் இழந்தார். கந்துவட்டி பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரைஃபைசன் 1849இல் வசதியான 60 பேரைச் சேர்த்து ஒரு உதவிச் சங்கம் தொடங்கினார். அவர்கள் தங்கள் சொத்தைப் பொறுப்பாக வைத்து வெளியே கடன் எடுத்தார்கள். அதில் மாடு வாங்கி ஏழை விவசாயிகளுக்குக் கொடுத்து, பணத்தை வருஷத் தவணையாகத் திரும்ப வாங்கினார்கள்.

1852இல் ஹெட்டெஸ்டார்ஃப் ஊருக்கு மேயரானார். அங்கேயும் 1854இல் ஒரு தர்ம சங்கம் வைத்தார். கடன் மட்டுமில்லை, ஆதரவற்ற பிள்ளைகள், வேலை இல்லாதவர்கள் என்று எல்லோருக்கும் உதவி செய்தார்கள். ஆனால் வருஷம் போகப் போக, பணம் கொடுத்தவர்களின் ஆர்வம் குறைந்தது. அவர்களுக்குக் கடன் தேவையில்லை. அப்புறம் எத்தனை நாள் அடுத்தவர் கடனுக்குத் தங்கள் சொத்தைப் பொறுப்பு வைப்பார்கள்?

இங்கேதான் ரைஃபைசன் தன் வழியை மாற்றிக்கொண்டார். 1864இல் அதே ஊரில் கடன் சங்கமாகத் திருத்தி அமைத்தார். கடன் வேண்டுமானால் முதலில் உறுப்பினர் ஆகணும். உறுப்பினர் எல்லோரும் சங்கத்தின் கடனுக்குச் சேர்ந்து பொறுப்பு. வாங்குகிறவரும் பொறுப்பேற்கிறவரும் இனி ஒரே ஆட்கள். ஒரு சங்கத்துக்கு ஒரு சின்னப் பகுதி மட்டும். ஏனென்றால் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்திருக்கணும். என்ன காரியத்துக்குக் கடன் என்று கேட்டு, அந்தக் காரியத்துக்கு ஏற்ற மாதிரிதான் கொடுத்தார்கள். லாபத்தைப் பிரிக்காமல் பொது நிதியில் சேர்த்தார்கள். பொறுப்பாளர்களுக்குச் சம்பளம் கிடையாது, கணக்கருக்கு மட்டும் சிறு தொகை உண்டு. (இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்!)

இந்த வேலைகளுக்கு நடுவே அவர் வீட்டில் துக்கம். 1863இல் மனைவி எமிலி இறந்தார். உடம்பும் கண்ணும் கெட்டு, 1865இல், 47 வயதில், பதவியிலிருந்து ஓய்வு பெற வேண்டியதாயிற்று. ஓய்வூதியம் போதாமல் சுருட்டுத் தொழில், திராட்சை மது வியாபாரம் செய்து குடும்பத்தை நடத்தினார். மூத்த மகள் அமாலியே அவருக்குக் கண்ணாக இருந்தார். அப்பா சொல்லச் சொல்லக் கடிதங்களை எழுதினார். 1866இல் கடன் சங்கங்களைப் பற்றி ரைஃபைசன் எழுதிய புத்தகம் வெளிவந்தது. அதைப் படித்து ஊர் ஊராகச் சங்கங்கள் கிளம்பின. அவர் பெயரை உலகம் அறியும். அமாலி பெயரை நாமாவது நினைவில் வைப்போம்.

சின்னச் சங்கத்துக்கு ஒரு பலம், ஒரு பலவீனம். முகம் தெரிந்த கூட்டம் என்பதால் நம்பிக்கை உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பணம் தேவைப்பட்டால் கையில் இருக்காது. அதனால் 1872இல் பல சங்கங்களை இணைத்து ஒரு கூட்டுறவு வங்கியும், 1877இல் ஒரு சங்கக் கூட்டமைப்பும் ஏற்படுத்தினார். நம்ம குழு, குழுக்களுக்கு மேலே நம்ம கூட்டமைப்பு என்கிற ஏற்பாடும் இதே மாதிரிதான். 1888 மார்ச் 11ஆம் தேதி, 70 வயது நிறைய சில நாள் இருக்கும்போது அவர் இறந்தார்.

அவர் வழி நம்ம ஊருக்கும் வந்தது. சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895லும் 1897லும் அறிக்கை கொடுத்தார். இந்தியாவுக்கு வேண்டியது ரைஃபைசன் மாதிரி ஒரு ஆள் என்பதே அதன் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் திரூர் கிராமத்தில் கடன் சங்கம் தொடங்கியது.

இப்போ அந்தக் கேள்விக்கு வர்றேன். மத்தவங்க ஏன் கட்டணும்? பணம் கொடுக்கும் முன்னே கேள்வி கேட்கிற உரிமை அவங்களுக்கு இருக்கு, அதனாலதான். அந்த உரிமையை விட்டுட்டா மிஞ்சுறது பொறுப்பு மட்டும்தான்.

எங்க குழுவில் மூணு வருஷத்துக்கு முன்னே வங்கிக் கடன் வந்தப்போ, யாருக்கு என்ன தேவைன்னு கேட்காமல் ஆளுக்குச் சமமாகப் பிரிச்சோம். ஒரு அக்காவுக்கு அப்போ கடனே தேவையில்லை. வந்ததை வேண்டாம்னு சொல்ல மனசில்லாமல் வாங்கி, சொந்தக்காரருக்குக் கொடுத்துட்டாங்க. அவர் திருப்பித் தரவில்லை. அஞ்சு மாசம் அவங்க தவணையை மத்தவங்க சேர்ந்து கட்டினோம். அந்த அக்காவை நாங்க பேசின பேச்சு கொஞ்சமில்லை. ரைஃபைசன் கதையைப் படிச்ச அன்னிக்குப் பழைய தீர்மான நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடன் எதுக்குன்னு எழுத வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பேருக்கும் கறவை மாடு வாங்கன்னு ஒரே வரி. எங்க தெருவில் ஒரு மாடும் புதுசா வரலை. எழுதினது நான்தான்.

அந்த அக்கா வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். இப்பவும் அவங்க எங்க குழுவில்தான் இருக்காங்க. அடுத்த கடன் வந்தப்போ ஒவ்வொருத்தரையும் எதுக்குன்னு கேட்டோம். கூட்டம் முடிய ரெண்டு மணி நேரம் கூடுதலாச்சு, கொஞ்சம் மனஸ்தாபமும் வந்துச்சு. கடைசியில் ஏழு பேர்தான் கடன் எடுத்தாங்க. தவணை இதுவரைக்கும் தவறலை.

அடுத்த கூட்டத்தில் நீங்களும் உங்க தீர்மான நோட்டை ஒரு தடவை திறந்து பாருங்க.