பணத்துக்குப் பணியாத புலி

கல்கத்தாவிலே பிறந்தவர், மருத்துவரின் மகன், கணிதத்திலே மேதை, உயர்நீதிமன்ற நீதிபதி. இவ்வளவோடு நின்றிருந்தால், 1864-ல் பிறந்த ஆசுதோஷ் முகர்ஜியை இன்று நாம் நினைக்க வேண்டிய தேவை இராது. வங்கப் புலி என்று அவரை மக்கள் அழைத்தார்களே, ஏன்?

1857-ல் தொடங்கப்பட்ட கல்கத்தாப் பல்கலைக் கழகம், நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அலுவலகமாகவே இருந்தது. வெள்ளை ஆட்சிக்குத் தேவை குமாஸ்தாக்கள், ஆராய்ச்சியாளர்கள் அல்லர். 1906-ல் துணைவேந்தரான ஆசுதோஷ், அந்த அலுவலகத்தை அறிவுக்கூடமாக்கத் துணிந்தார். தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் எனும் இரு வழக்கறிஞர்கள் இலட்ச இலட்சமாக அள்ளித் தந்தனர். 1914-ல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1919-ல், தாய்மொழியாம் வங்காளமும் எம்.ஏ. வகுப்பிலே இடம்பெற்றது.

அங்கே வந்தவர்கள் யார்? திருச்சிராப்பள்ளியிலே பிறந்த சி. வி. இராமன், நிதித்துறையின் பெரிய சம்பளத்தை உதறிவிட்டு, 1917-ல் பாலித் பேராசிரியரானார். அப்பதவியில் இருந்தபோதுதான் 1928-ல் இராமன் விளைவைக் கண்டார்; 1930-ல் நோபல் பரிசு பெற்றார். சிற்றூர்க் கடைக்காரரின் மகன் மேகநாத சாகா, தாழ்ந்த சாதியென்று மாணவப் பருவத்திலே ஒதுக்கப்பட்டவர். அவரை ஆசிரியராக ஏற்றது ஆசுதோஷின் கல்லூரி. விண்மீன்களின் வெப்பத்தை அறிய வழிகாட்டும் சமன்பாட்டை 1920-ல் உலகுக்குத் தந்தார் சாகா. ஒதுக்கியவர்கள் எங்கே? சாகா எங்கே?

வளர்ந்த நிலையத்துக்குப் பணமுடை வந்தது. 1922-ல், இரண்டாம் முறை துணைவேந்தராக இருந்த ஆசுதோஷிடம், இரண்டரை இலட்சம் ரூபாய் தருவதாக வங்க அரசு கூறியது. கூடவே நிபந்தனைகளையும் நீட்டியது. பல்கலைக் கழகத்தின் கணக்கும் போக்கும் அரசின் பிடிக்குள் வரவேண்டுமாம்! பணம் வேண்டாம் என்றார் அவர். மறு ஆண்டு, அரசை எதிர்க்காமல் இருப்பதானால் பதவி நீடிக்கும் என்றார் ஆளுநர் லிட்டன். பதவியும் வேண்டாம் என்றார்!

1924-ல் பாட்னாவிலே அவர் மறைந்தார். அவர் எழுப்பிய கூடம் மறையவில்லை.

தோழர்களே, பல்கலைக் கழகம் பொதுப்பணத்திலே நடப்பது. அந்தப் பணம் உழைப்பவன் தரும் வரி. ஆகவே, அதற்குப் பணம் கேட்பது பிச்சையல்ல, உரிமை. கொடுக்கும் கை, கூடவே விலங்கையும் நீட்டினால், விலங்கை மறுப்பதும் உரிமையே. கடைக்காரர் மகனுக்குக் கதவு திறந்த கூடத்தின் கதை, நமக்குச் சொல்வது இதுதான்.